உளவியல் தொழில்முறை இதழுக்குக் கட்டுரை எழுதுவது எப்படி? மாணவர்களுக்கும் துறையினருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்விதழுக்கு எழுதிப் பழகியவர்கள் தொழில்முறை இதழுக்கு எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் முதல் வேலையாக ஆய்வறிக்கையைச் சுருக்கத் தொடங்குவார்கள். எட்டாயிரம் சொல்லை ஆயிரத்தைந்நூறாக வெட்டி, வாக்கியங்களைக் கொஞ்சம் எளிமையாக்கி அனுப்புவார்கள். அது திரும்பி வரும். ஆய்வறிக்கை 'என்ன செய்தோம்' என்று வரிசையாகச் சொல்வது. இதழ்க் கட்டுரை 'எதை நம்பலாம், எவ்வளவு நம்பலாம், அதனால் என்ன' என்று சொல்வது. ஒன்றைச் சுருக்கினால் மற்றொன்று வராது.

பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் 'தி சைக்காலஜிஸ்ட்', அமெரிக்க உளவியல் சங்கத்தின் 'மானிட்டர் ஆன் சைக்காலஜி' போன்ற இதழ்களைப் படிப்பவர் பொதுவாசகரும் அல்ல, உங்கள் நுண்துறை நிபுணரும் அல்ல. அவர் பக்கத்து அறை உளவியலாளர். குழந்தை வளர்ச்சியில் வேலை செய்பவர், சிறைக்கைதிகளுடன் பேசுபவர், நினைவாற்றல் ஆய்வகத்தில் இருப்பவர், இரண்டாம் ஆண்டு மாணவி. கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன என்று இவர்களுக்கு விளக்கினால் எரிச்சல்படுவார்கள். உங்கள் ஆய்வகத்தில் மட்டும் புழங்கும் அளவுகோலை விளக்காமல் விட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எதை விளக்குவது, எதை விடுவது என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தப் பக்கத்து அறைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இதழை அளந்து படியுங்கள்

கடைசி ஆறு இதழ்களையாவது எடுங்கள். என்னென்ன பகுதிகள் உள்ளன, ஒவ்வொன்றும் எத்தனை சொல், வெளியிலிருந்து எழுதியவர்கள் எத்தனை பேர், மேற்கோள் பட்டியல் தருகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். சில இதழ்களில் பெரிய கட்டுரைகளை எல்லாம் சொந்த நிருபர்களே எழுதுவார்கள். அங்கே உங்களுக்கு இடம் கருத்துப் பகுதியில்தான். உங்கள் தலைப்பு கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். வந்திருந்தால் கதவு மூடிவிட்டது என்று பொருளில்லை. அந்தக் கட்டுரை எங்கே நிறுத்தியதோ அங்கிருந்து நீங்கள் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு நுழைய எளிதான வாசல்கள் நான்கு: நூல் விமர்சனம், மாநாட்டுச் செய்தி, நேர்காணல், வாசகர் கடிதம். இவற்றைச் சிறியவை என்று ஒதுக்காதீர்கள். குறித்த நாளில், குறித்த சொல்லளவில், பிழையில்லாமல் ஒரு விமர்சனம் கொடுத்தவரின் பெயர் இதழாசிரியருக்கு நினைவிருக்கும்.

படி 2: தலைப்பைக் கூற்றாக மாற்றுங்கள்

'தூக்கமும் மனச்சோர்வும்' என்பது தலைப்பு. அதை வைத்து ஆயிரம் கட்டுரை எழுதலாம் என்பதே அதன் குறை. கூற்று இப்படி இருக்கும்: 'மனச்சோர்வோடு வருபவரின் தூக்கமின்மையைத் தனிப் பிரச்சினையாகக் கவனிக்க வேண்டும், மனச்சோர்வு குறைந்தால் தூக்கம் தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது.'

இதை ஒருவர் மறுக்க முடியும். மறுக்க முடியாத கூற்று கட்டுரைக்கு உதவாது. 'மனநலம் முக்கியமானது' என்பதை யார் மறுப்பார்? கூற்று எழுதியதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை ஏற்காத நியாயமான உளவியலாளர் ஒருவர் இருக்க முடியுமா? இது உண்மையென்றால் படிப்பவர் திங்கட்கிழமை எதை மாற்றிச் செய்வார்? இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்களின் சான்று இருக்கிறதா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் கூற்றைச் சுருக்குங்கள், அல்லது அதையே கேள்வியாக வைத்து எழுதுங்கள். உங்கள் ஒரே ஆய்வை வைத்து ஒரு துறையையே திருத்தப் புறப்படுவது, இதழாசிரியர்கள் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடும் பிழை.

படி 3: முன்மொழிவு

கேட்டால் ஒழிய முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டாம். 150 முதல் 200 சொல்லில் ஒரு மின்னஞ்சல் போதும். கூற்று, ஏன் இப்போது, முக்கியச் சான்றுகள் இரண்டு மூன்று, எந்தப் பகுதிக்கு எத்தனை சொல், எழுதுபவர் யார், ஏதாவது பணத் தொடர்பு உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். நடுப்பகுதி இப்படி அமையலாம்:

'மனச்சோர்வு தணிந்த பின்னும் பலருக்குத் தூக்கமின்மை மட்டும் எஞ்சி நிற்கிறது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டு நூல்), தூக்கமின்மையை முதன்மை, இரண்டாம் நிலை என்று பிரிப்பதைக் கைவிட்டு அதைத் தனிக் கோளாறாகவே பதிவு செய்யச் சொன்னது. ஆனாலும் முதல் சந்திப்பில் தூக்கத்தைப் பற்றி ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திவிடும் வழக்கம் தொடர்கிறது. எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும், எப்போது தூக்கச் சிகிச்சையை முதலில் தொடங்கலாம், சான்று எங்கே பலவீனமாக இருக்கிறது என்று 1,500 சொல்லில் எழுத விரும்புகிறேன்.'

'சான்று எங்கே பலவீனமாக இருக்கிறது' என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். அது எழுதுபவரின் நேர்மையைக் காட்டுகிறது. 'இதுவரை யாரும் பேசாத', 'புரட்சிகரமான' போன்றவை எதிர்மாறான வேலையைச் செய்யும்.

ஒரே முன்மொழிவை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று வாரம் பதில் இல்லையென்றால் இரண்டு வரி நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் வராவிட்டால், திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு வேறு இதழைப் பாருங்கள்.

படி 4: எழுதும் முன் சான்றைச் சரிபாருங்கள்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இது. உளவியலில் பாடநூல் கதைகள் பல, மூல ஆய்வைவிட நன்றாக வளர்ந்துவிட்டவை. நினைவிலிருந்து எழுதினால் கதையைத்தான் எழுதுவீர்கள்.

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டதை 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். 2007இல் மேனிங், லெவின், காலின்ஸ் மூவரும் வழக்கு ஆவணங்களைப் பார்த்து, அப்படி 38 பேர் வேடிக்கை பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். அதற்காக, வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது ஒருவர் உதவ முன்வருவது குறைகிறது என்று டார்லியும் லட்டானேயும் 1968இல் ஆய்வகத்தில் கண்டது பொய்யாகிவிடவில்லை. கதை வேறு, சோதனை வேறு. கதையை மட்டும் எடுத்து 'மனிதர்கள் உதவமாட்டார்கள்' என்று எழுதுபவர், கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாடுகளில் நடந்த 219 தெருச் சண்டைகளில், பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டிருக்கிறார்.

இப்போதே ஒரு மிட்டாயா, காத்திருந்தால் இரண்டா என்று குழந்தைகளைக் கேட்ட மார்ஷ்மெல்லோ சோதனையும் இப்படித்தான். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்ற முடிவை, 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் பெரிய மாதிரியில் சோதித்தார்கள். தொடர்பு இருந்தது, ஆனால் முன்பு சொல்லப்பட்டதில் பாதி அளவே. குடும்பப் பின்னணியையும் ஆரம்ப அறிவுத்திறனையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனையில், சொன்னபடி இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக் கடைசிவரை போனவர்கள் என்று சொல்லப்படும் 65 சதவீதமும் அவர் நடத்திய பல வடிவங்களில் ஒன்றின் எண், அதுவும் 40 பேரில் 26 பேர். வடிவம் மாறியபோது எண்ணும் வெகுவாக மாறியது.

2015இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கூட்டு முயற்சி 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. எனவே எந்தக் கண்டுபிடிப்பை எடுத்தாலும், அதை வேறு யாராவது செய்து பார்த்தார்களா, என்ன வந்தது என்ற தேடலைக் கட்டாயமாக்குங்கள்.

நடைமுறையில் ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கட்டுரையில் வரப்போகும் ஒவ்வொரு உண்மைக் கூற்று. நடுவில் மூல ஆய்வும் பக்க எண்ணும். வலப்பக்கம் மாதிரியின் அளவு, எந்த நாட்டவர், எப்படி அளந்தார்கள். வலப்பக்கம் பெரும்பாலும் 'பல்கலைக்கழக மாணவர்கள்' என்றே நிரம்பினால், 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் எழுப்பிய அதே கேள்வி உங்கள் கட்டுரைக்கும் வரும்: இது யாருடைய மனம்? அதைப் படிப்பவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மேற்கோள் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தரும் ஆய்வுத் தலைப்பு, ஆண்டு, ஆசிரியர் பெயர் எல்லாம் அச்சுஅசலாக இருக்கும். அப்படி ஒரு ஆய்வே இல்லாமலும் இருக்கும். திறந்து படிக்காத ஆய்வை மேற்கோள் காட்டாதீர்கள். கருவியைப் பயன்படுத்துவது பற்றி இதழின் விதி என்ன என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

படி 5: எண்களைப் பேச வையுங்கள்

'விளைவு அளவு டி 0.5' (டி என்பது இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் அளவு) என்று எழுதி நகர்ந்துவிட்டால் பாதிப் பேருக்கு ஒன்றும் பதியாது. இப்படி எழுதலாம்: சிகிச்சை பெற்ற ஒருவரையும் பெறாத ஒருவரையும் குலுக்கலில் எடுத்தால், பெற்றவர் மேலான நிலையில் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 64, சிகிச்சையால் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் அது 50. டி 0.2 என்றால் 56, டி 0.8 என்றால் 71. புள்ளியியல் அறிஞர் கோஹன் 'பெரியது' என்று பெயரிட்ட 0.8இல்கூட இரு குழுக்களின் மதிப்பெண்களும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன என்பது இந்த எண்ணில்தான் தெரியும்.

அளவுகோல் மதிப்பெண்ணைத் தனியாக விடாதீர்கள். 'பிஎச்க்யூ-9 மதிப்பெண் 3 குறைந்தது' என்றால், மனச்சோர்வை அளக்கும் அந்தக் கேள்வித்தாள் 0 முதல் 27 வரை செல்வது, 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேலும் விசாரிக்க வேண்டும் என்று பொதுவாகக் கொள்வது, 5 புள்ளி மாற்றத்தையே மருத்துவ ரீதியில் பொருளுள்ளதாகப் பலர் எடுப்பது ஆகியவையும் கூட வர வேண்டும். அப்போதுதான் 3 என்பது சின்ன மாற்றம் என்று தெரியும். இரண்டு அளவுகளுக்கு இடையே ஒட்டுறவு 0.3 என்றால் வேறுபாட்டில் 9 சதவீதமே பகிரப்படுகிறது. ஆயிரத்தில் 2 பேருக்கு இருந்தது 3 பேருக்கு ஆனால் '50 சதவீதம் கூடியது' என்று எழுதுவது கணக்கில் சரி, ஆனால் வாசகரை ஏமாற்றுவது. இரண்டு எண்ணையும் தாருங்கள். பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடவோ பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.05க்குக் கீழே இருப்பது 'கருதுகோள் உண்மையாக இருக்க 95 சதவீத வாய்ப்பு' என்று பொருள்படாது. துறைக்குள்ளேயே இந்தத் தவறு சகஜம், ஆகவே அச்சில் வந்தால் கடிதங்கள் நிச்சயம்.

வினைச்சொற்களில்தான் பெரும்பாலான மிகைகள் ஒளிந்திருக்கும். ஒரே நேரத்தில் எடுத்த கேள்வித்தாள் தரவை வைத்துக்கொண்டு 'குறைக்கிறது', 'தூண்டுகிறது', 'பாதிக்கிறது' என்று எழுத முடியாது. 'சேர்ந்து காணப்படுகிறது' வரைதான் போகலாம். ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் சோதித்திருந்தால் காரணம் பேசலாம். இந்த வேலையைக் கடைசியில் தனியாகச் செய்யுங்கள்: கட்டுரையில் உள்ள வினைகளை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் அட்டவணையின் வலப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 6: முதல் வரைவு

1,500 சொல்லில் தோராயமான பங்கீடு: தொடக்கம் 150, கூற்றும் அது ஏன் இப்போது என்பதும் 150, சான்று 550, எதிர்ச்சான்றும் ஐயங்களும் 250, நடைமுறையில் என்ன செய்வது 350, மீதி முடிவுக்கு. எதிர்ச்சான்றைக் கடைசிப் பத்தியில் 'ஆயினும் சில வரம்புகள் உள்ளன' என்று ஒட்டுவது ஆய்வறிக்கைப் பழக்கம். அதை நடுவில் வையுங்கள். நடைமுறைப் பகுதி அதற்குப் பிறகு வந்தால், எந்த ஐயத்தைத் தாண்டி இந்தப் பரிந்துரை நிற்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

தொடக்கத்துக்கு ஆகாதவை: அகராதி வரையறை, 'ஆதிகாலம் தொட்டே மனிதன்', கற்பனைக் கதாபாத்திரத்தை உண்மையான ஆள் போல நுழைப்பது. நல்ல தொடக்கங்களில் ஒன்று, படிப்பவர் தன் வேலையில் அடிக்கடி எடுக்கும் ஒரு முடிவைச் சுட்டி, அது அவர் நினைப்பதைவிடச் சிக்கலானது என்று காட்டுவது.

ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மாதிரிக்காக உருவாக்கிய வரைவு இது:

'தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சைத் தலையீட்டின் விளைவாகப் பங்கேற்பாளர்களிடையே தூக்கத் திறன் குறியீட்டில் புள்ளியியல் ரீதியான முன்னேற்றம் அவதானிக்கப்பட்டமை இதன் செயல்திறனை நிரூபிக்கிறது.'

யார், என்ன செய்தார்கள், எவ்வளவு மாறியது என்ற மூன்றும் இதில் இல்லை. 'நிரூபிக்கிறது' அதிகப்படி. 'தூக்கத் திறன்' விளக்கப்படவில்லை. திருத்தினால்:

'சிகிச்சை எடுத்தவர்கள் படுக்கையில் கழித்த நேரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் தூங்கினார்கள் என்று பார்த்தார்கள். தொடங்கும்போது அது சராசரியாக 70 சதவீதம்; முடியும்போது 82. ஒப்பீட்டுக் குழுவிலும் 70, 74 ஆனது. ஆகவே சிகிச்சையின் பங்கு 8 புள்ளிதான், 12 அல்ல.'

சொற்கள் கூடிவிட்டன, பரவாயில்லை. ஒப்பீட்டுக் குழுவின் எண்ணைச் சேர்த்த இடத்தில்தான் கட்டுரை நம்பத்தக்கதாகிறது. வேறு இடத்தில் இரண்டு அலங்கார வாக்கியத்தை வெட்டினால் சொல்லளவு சரியாகிவிடும்.

சுருக்கெழுத்துப் பெயர்கள் கட்டுரை முழுவதற்கும் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

படி 7: கட்டுரையில் வரும் மனிதர்கள்

சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றி எழுத, பெயரை மாற்றினால் போதாது. தொழில், வயது, குடும்ப அமைப்பு, நிகழ்வின் வரிசை என எல்லாம் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனை இதுதான்: அவரே படித்தால் தன்னை அடையாளம் காண்பாரா? அவருடைய அண்ணன் படித்தால் கண்டுகொள்வாரா? முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால்கூட, எழுதியதைக் காட்டி எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது ஒப்புதல் கேட்பது இன்னும் சிக்கல். சிகிச்சையாளரிடம் 'முடியாது' என்று சொல்வது எளிதல்ல. பலரை இணைத்து உருவாக்கிய ஆள் என்றால் அதைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தற்கொலை பற்றி எழுதும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஊடக வழிகாட்டல் தொழில்முறை இதழுக்கும் பொருந்தும். முறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, ஒற்றைக் காரணம் கற்பிக்கக் கூடாது, தலைப்பில் போடக் கூடாது, உதவி கிடைக்கும் வழியைத் தர வேண்டும். 1987இல் வியன்னாவில் இத்தகைய வழிகாட்டலைப் பத்திரிகைகள் ஏற்றபின் சுரங்க ரயில் தற்கொலைகள் கணிசமாகக் குறைந்தன.

படி 8: மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து எழுதும்போது

சண்டை வருவது பெரும்பாலும் பெயர் வரிசையில். அதை எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் முடித்துக்கொள்ளுங்கள்: யார் முதல் வரைவு, யார் திருத்தம், யார் பெயர் முதலில், இதழாசிரியரோடு பேசுவது யார், எந்தத் தேதிக்குள் எது. மாணவர் எழுதி, பேராசிரியர் இரண்டு காற்புள்ளி திருத்தினால் அது கூட்டுக் கட்டுரை அல்ல. பேராசிரியரின் யோசனையையும் தரவையும் கொண்டு மாணவர் தன் பெயரில் மட்டும் எழுதுவதும் சரியல்ல.

ஆய்விதழுக்குப் போகாத முடிவுகளை இதழில் முதலில் வெளியிடுவதில் கவனம் தேவை. ஏற்கெனவே வேறிடத்தில் வந்த முடிவுகளை ஏற்கமாட்டோம் என்ற விதி 1969இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் தொடங்கிப் பலவற்றுக்குப் பரவியது. நீங்கள் குறிவைத்திருக்கும் ஆய்விதழின் கொள்கையைப் படித்துவிட்டு, ஐயமிருந்தால் அதன் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். நீங்கள் பரிந்துரைக்கும் முறையில் பயிற்சி வகுப்பு நடத்துகிறீர்களா, செயலி விற்கிறீர்களா? அதைக் கட்டுரை முடிவில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால் கட்டுரையே செல்லாததாகிவிடும்.

படி 9: வேறு ஆளிடம் கொடுங்கள்

1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனையில், தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்டியவர்கள், கேட்பவர்களில் பாதிப் பேர் பாட்டைக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் தலைக்குள்ளும் உங்கள் ஆய்வு ஓடிக்கொண்டிருக்கிறது; அதனால் உங்கள் வரைவு தெளிவாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல உங்களால் முடியாது.

உளவியலின் வேறு கிளையில் இருப்பவரிடம் கொடுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்பார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டுரை என்ன சொல்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கூற்று திரும்பி வரவில்லை என்றால் பழுது வாக்கியத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது; படி 2க்குப் போங்கள். பிறகு வாய்விட்டு வாசித்து, மூச்சு முட்டும் இடங்களை உடைத்து, பத்தில் ஒரு பங்கு வெட்டுங்கள்.

படி 10: அனுப்பிய பின்

சொல்லளவு, ஒரு வரி உபதலைப்பு, 40 சொல்லில் எழுதியவர் குறிப்பு, படங்களின் உரிமை விவரம் ஆகியவற்றோடு அனுப்புங்கள். இணையத்தில் கிடைத்த படம் உங்களுடையதல்ல. வரைபடம் தந்தால் செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பட்டை வரைபடம் பூச்சியத்திலிருந்து தொடங்காவிட்டால் சின்ன வித்தியாசம் மலையாகத் தெரியும்.

இதழாசிரியர் வெட்டுவார், வரிசை மாற்றுவார், தலைப்பை மாற்றுவார். நடைக்காகச் செய்த மாற்றங்களை விட்டுக்கொடுங்கள். 'சேர்ந்து காணப்படுகிறது' என்பது தலைப்பில் 'காரணம்' ஆகிவிட்டால் மட்டும் விடாதீர்கள். மாற்றுத் தலைப்பு இரண்டை எழுதியே அனுப்புங்கள், வெறும் ஆட்சேபத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். அச்சுக்கு முந்தைய பிரதி வந்ததும் முதலில் தலைப்பு, படக்குறிப்பு, எடுத்துக்காட்டுப் பெட்டி ஆகியவற்றைப் படியுங்கள். அவை உங்கள் கையைத் தாண்டிச் சேர்ந்தவை, பிழை அங்கேதான் அதிகம். அடுத்து எண்கள், தசமப் புள்ளி, பெயர்கள்.

வெளியான பின் யாராவது பிழையைச் சுட்டினால், மூல ஆய்வைத் திறந்து பாருங்கள். பிழைதான் என்றால் அன்றைக்கே இதழாசிரியருக்கு எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த வாக்கியம், அச்சானது என்ன, இருக்க வேண்டியது என்ன. இணையப் பதிப்பைத் திருத்தும்போது திருத்திய தேதியோடு குறிப்புப் போடச் சொல்லுங்கள்.